பொருந்தாத வேஷம்

"நீங்க என்ன நெனச்சாலும் சரிம்மா, இந்த வேஷத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்!" என்று தொப்பியைக் கழற்றி நாற்காலியில் எறிந்தார் இயக்குநர்.

கதாசிரியை படப்பிடிப்புக் கூடத்தின் நடுவே எழுப்பியிருந்த ஒற்றை அறை வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டில். ஒரு கதவு. கதவுக்கு அப்பால் வெறும் கறுப்புத் துணி.

அவள் எழுதிய இசை நாடகம்தான் இப்போது படமாகிக்கொண்டிருந்தது. காய்ச்சலில் கிடக்கும் சின்ன மகளைத் தாலாட்டுப் பாடித் தூங்கவைத்துவிட்டு, "மருந்து வாங்கிட்டு வந்துடறேன்" என்று வெளியே போகும் தகப்பன் திரும்பி வருவதே இல்லை. மகள் வளர்கிறாள். கதவு மட்டும் கடைசி வரை திறந்தே கிடக்கிறது. ஊர் ஊராக வருஷக்கணக்கில் ஓடிய நாடகம். மேடையில் தகப்பனாக நடித்த ஒல்லிப் பாடகர் வாசலைத் தாண்டும்போது, கூட்டம் மூச்சுவிடாது.

படமாக்க வேண்டும் என்று இயக்குநர் வந்து நின்றபோது, அவள் போட்ட ஒரே நிபந்தனை, தகப்பன் வேஷத்தில் 'புயல்' நடிக்க வேண்டும் என்பதுதான்.

புயல் என்றால் சண்டைப் படங்களின் ராஜா. ஓங்கி ஒன்று விட்டால் பத்துப் பேர் பறப்பார்கள். அறுபதை நெருங்கியும் ஒரு நரைமுடி வெளியே தெரியாது.

"கூட்டம் சேரணும்னு ஆசைப்பட்டுட்டீங்க. அது தப்பில்ல," என்றார் இயக்குநர். "ஆனா தாலாட்டை அவர் சொந்தக் குரல்ல பாடிப் பார்த்ததைக் கேட்டுட்டு, 'புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்துங்க'ன்னு சொல்லிட்டு இசையமைப்பாளர் எழுந்து போயிட்டார். சரி, வேற ஆளைப் பாட வச்சு வாயசைக்கச் சொன்னா, பாட்டு ஒரு பக்கம் போகுது, உதடு ஒரு பக்கம் போகுது. குழந்தையைத் தூக்கறது சிமெண்ட் மூட்டையைத் தூக்கற மாதிரி இருக்கு. அது பயந்துபோய் நெசமாவே அழுவுது!"

"தூக்கிப் பழக்கமில்லையோ என்னவோ," என்றாள் அவள்.

அப்போது, ஒப்பனைகூடக் கலைக்காமல் புயலே அங்கே வந்தார். கையில் பாதி குடித்த தேநீர். இருவரும் எழுந்தார்கள்.

"உக்காருங்க, உக்காருங்க. கதை எழுதின பொண்ணு நீதானாம்மா? நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா ஒண்ணு மட்டும் மனசுல ஒட்டல."

"சொல்லுங்க."

"காய்ச்சல்ல புள்ளையைப் போட்டுட்டு எந்த அப்பனாவது போவானா? போனாலும் ஒரேயடியாவா போவான்? என்னை இப்படிப் பார்த்தா ஜனங்க திரையைக் கிழிச்சுடுவாங்க. கடைசியில அவனைத் திரும்பி வரவச்சிடும்மா."

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். இதே யோசனையை ஒரு தடவை சொல்லிவிட்டு, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். ஒரு புள்ளியைக்கூட மாற்ற விடமாட்டேன் என்று அன்றைக்குப் பாதிப் பேச்சில் எழுந்து போனவள் அவள்.

"வரவச்சிடலாம்," என்றாள்.

இயக்குநர் கண்ணைத் திறந்தார்.

"ஆனா வந்து என்ன பேசுவான்? அதுதான் எனக்கு எழுத வரல. எத்தனையோ தடவை உக்காந்து பார்த்துட்டேன். கதவு வரைக்கும் கூட்டிட்டு வந்துடுவேன். அங்கேயே ஊமையா நின்னுடறான். நீங்களே சொல்லுங்களேன்."

புயல் சிரித்தார். "நல்லா கேட்டே போ! யாராவது எழுதிக் கொடுத்தாத்தான் எனக்கு வாயே திறக்கும்."

சிரிப்பு மெல்ல அடங்கியது. தேநீரைக் கீழே வைத்தார். அந்த வீட்டுக் கதவையே பார்த்தபடி நின்றார். அவரை அவ்வளவு அமைதியாக அங்கே யாரும் பார்த்ததில்லை.

"மன்னிப்புக் கேட்க மாட்டான். கேட்க அவனுக்கு மூஞ்சி ஏது? காரணம் சொன்னாலும் எடுபடாது. எதிர்ல மக வளர்ந்து நிக்கிறா. இவன் மனசுல இருக்கிறது அந்தப் பச்சைப் புள்ளை முகம் மட்டும்தான். அப்ப என்ன கேப்பான்..." என்று நிறுத்தியவர், அவள் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "காய்ச்சல் விட்டுடுச்சாம்மா?"

விளக்கைத் தூக்கிக்கொண்டு போன ஆள்கூட நின்றுவிட்டான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் அவள்.

"காய்ச்சல் விட்டுடுச்சாம்மா?"

"ம்... விட்டுடுச்சு."

"ஆங், அதேதான்! மகளும் அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது," என்று தொடையைத் தட்டினார் புயல். "அப்படியே எழுதிடும்மா." தேநீரை எடுத்துக்கொண்டு பழைய மிடுக்கோடு நடந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் இயக்குநர் பிடித்துக்கொண்டார். "என்னங்க இது? நான் தலைகீழா நின்னு தண்ணி குடிச்சேன், நீங்க அசைஞ்சு கொடுக்கல. பெரிய நடிகர் சொன்னா மட்டும் தலை தானா ஆடுதா?"

அவள் அவர் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயக்குநரின் குரல் இறங்கியது. "ஆனா ஒண்ணு, அந்த வசனம் நெஞ்சுக்குள்ள போய் உக்காந்துடுச்சு. இத்தனை வருஷமா உங்களுக்கே வராத வார்த்தை. குழந்தையைத் தூக்கத் தெரியாத அந்த மனுஷனுக்கு அது எப்படிங்க வந்துது?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற யாருக்கு சார் வரும்? மருந்து வாங்கிட்டு வந்துடறேன்னு எங்க வீட்டை விட்டுப் போனவர் அவர்தான். காய்ச்சல்ல கிடந்தது நான்."