பக்கத்தின் கடைசி வரி

உலக வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கவேண்டிய செய்தி: அலுவலகத்தின் விடுப்பு விண்ணப்ப இணையதளம் புதிய பதிப்புக்கு மாறிவிட்டது. மூல நிரலை இறக்கி, தொகுத்து, சர்வரில் ஏற்றியவள் பொறியாளர். மார்தட்டிக்கொண்டவர் மேலாளர், அவளுடைய அக்கா கணவர்.

"அசத்திட்டோம்மா! நன்றி வரியில என்னைப் போட்டியா?"

அவள் போடவில்லை. ஆனால் பக்கத்தின் அடியில் 'மறைந்த மேலாளருக்கு நன்றி' என்றிருந்தது. மூல நிரலில் தேடினாள். அப்படியொரு வரியே இல்லை. எல்லாவற்றையும் அழித்து, மறுபடி தொகுத்து ஏற்றினாள். வரி திரும்பி வந்தது, இன்றைய தேதியோடு.

"அத்தான், கிளம்புங்க, டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்."

"அட, மேலாளர்னே போட்டிருக்கே! எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கும்மா."

நாலரை மணிக்கு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

புதிய பதிப்பில் பிழை எதுவும் இல்லை.