தியாகலிங்கத்தாரின் பூதக்கண்ணாடி

"இது உம்மடை கையெழுத்து இல்லை."

தியாகலிங்கத்தார் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

யாகப்பு விளங்காத மாதிரிப் பார்த்தார். சொந்தப் பெயரை, சொந்தக் கையால், சொந்த வீட்டுக் கதிரையில் இருந்து எழுதியிருக்கிறார்.

"அப்ப ஆரின்ரை கையெழுத்து?"

"அதைத்தான் நான் உம்மட்டைக் கேக்கிறன்."

தியாகலிங்கத்தாருக்கு ஊர் புளியங்கூடல். பிள்ளைகள் எல்லாரும் கனடாவில். ஆளுக்கு மிஞ்சின ஒரே வேலை பழைய கொமிக்ஸ் புத்தகம் சேர்ப்பது. சேர்த்தால் போதாது, படம் கீறினவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்தும் வாங்க வேண்டும். வாங்கினதும் பொலித்தீன் உறையில் போட்டு ஒட்டி, அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். வாசிக்கிற வழக்கம் கிடையாது. வாசித்தால் மடிப்பு விழுமாம்.

இன்றைக்குக் கொண்டு வந்தது அபூர்வச் சாமான். யுத்த காலப் பொருளாதாரத் தடையில் வெள்ளைத் தாள் கிடைக்காமல், கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்த கடற்கொள்ளையர் கதை. உலகத்தில் மிஞ்சினது இந்த ஒன்றுதான் என்று அவரே சொல்லிக்கொண்டார். முன்மட்டையில் 'சித்திரம்: யாகப்பு' என்று அச்சு. மட்டைப் படத்தின் மூலையில் யாகப்பு என்று வளைத்து வைத்த கையெழுத்து.

சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில் கண்காட்சி. புத்தகத்தில் புதுக் கையெழுத்து இருந்தால் நடு மேசை இவருக்கு. இல்லாவிட்டால் கக்கூஸ் பக்கத்து மேசை.

அதுதான் ஆளைத் தேடி ஊர்காவற்றுறைக்கு வந்தாயிற்று. புத்தகத்தில் வைக்கமுன் வெறும் தாளில் ஒருக்கால் வைத்துக் காட்டச் சொல்வது அவருடைய முறை. யாகப்பு வைத்துக் காட்டினார். பொருந்தவில்லை.

"புத்தகத்திலை 'யா' தூண்டில் மாதிரி வளையுது. உம்மடை 'யா' குந்தியிருக்கிற வாங்கில் மாதிரித் தட்டையாக் கிடக்கு."

"வயசு போட்டுது ஐயா. கை நடுங்கும்."

"நடுங்கேல்லை. நேராக் கிடக்கு. அதுதான் பிழை."

யாகப்பு உள்ளே போய் அடையாள அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். அதிலும் வாங்கில்தான்.

"பார்த்தீரே! இதிலையும் அதே கள்ளக் கையெழுத்து."

குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்த யாகப்புவின் மனைவி அல்போன்சம்மா எழும்பி வந்தா. புத்தகத்தைக் கண்டதும் முகம் மாறிப்போனது.

"கடவுளே, இது இன்னும் இருக்கே! இடம்பெயர்வோடை எங்கடை எல்லாம் போட்டுது. ஒருக்கால் தாங்கோ, கடைசிப் படத்தை மட்டும் பார்த்திட்டுத் தாறன்."

தியாகலிங்கத்தார் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தார்.

"மீன் கை! உம்மடை மனுசியைத் தொட வேண்டாம் எண்டு சொல்லும்."

"தொடேல்லை. நீங்களே சொல்லுங்கோ. அந்தப் பெட்டை வள்ளத்திலை நிண்டு சிரிக்கிறது அச்சிலை வடிவா விழுந்திருக்கோ?"

"ஆருக்குத் தெரியும்? விரிச்சுப் பார்க்கிற சாமானே இது?" என்றவர் யாகப்பு பக்கம் திரும்பினார். "எனக்குப் போலியளோடை கதைக்க ஏலாது. யாகப்பு எண்ட பேரிலை ஒருத்தன் ஊரை ஏமாத்திறான் எண்டு இப்பவே பேஸ்புக்கிலை போடுறன். உம்மடை பேரப்பிள்ளையளும் வாசிக்கட்டும்."

யாகப்பு சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பினார்.

அல்போன்சம்மா அவரைப் பிடித்து இருத்தினா. கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தா. பேனையை எடுத்து வெறும் தாளில் ஒரே இழுப்பு.

தூண்டில்!

பூதக்கண்ணாடி அங்கும் இங்கும் ஓடியது. அச்சொட்டாக அதே கையெழுத்து.

"கீறினது நான்தான் ஐயா. பொம்பிளை கீறின சண்டைக் கதையை ஆர் வாங்குவான் எண்டு அச்சகக்காரர் கேட்டார். இவரின்ரை பேரைப் போட்டம்."

"நான் மாடு கீறினா ஆடெண்டு சொல்லுவினம்," என்றார் யாகப்பு. பிறகு மனைவியைப் பார்த்தார். "இவ்வளவு காலமும் சும்மா ஒரு பேரைச் சுமந்தாச்சு. இண்டைக்காவது உன்ரை பேரை வையப்பா."

அல்போன்சம்மாவின் பேனை முன்மட்டைக்குக் கிட்டப் போனது.

"ஐயோ அக்கா!" தியாகலிங்கத்தார் பாய்ந்து கையைப் பிடித்தார். மீன் கை அக்கா ஆகிவிட்டது. "புத்தகத்தைப் பழுதாக்கிப் போடாதையுங்கோ! மட்டையிலை என்ன பேரோ அந்தப் பேர்தான் வேணும். அந்தத் தூண்டிலோடை!"

அல்போன்சம்மா புருசனைப் பார்த்தா. புருசன் நிலத்தைப் பார்த்தார்.

"வைச்சாக் கடைசிப் படத்தைக் காட்டுவியளே?"

"ஓம் அக்கா, ஓம். முதல் வையுங்கோ."

வைத்தா. 'யாகப்பு'. தியாகலிங்கத்தாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அசல்! எங்கடை கலைஞரை நாங்கள் மதிக்காட்டி வேறை ஆர் மதிக்கிறது?"

மை காய்ந்ததுதான் தாமதம், புத்தகம் பொலித்தீன் உறைக்குள் போய் ஒட்டுப்பட்டது. இனி அத்தாட்சிக்கு ஒரு படம். யாகப்புவின் ஒரு கையில் பேனை, மறு கையில் புத்தகம். முற்றத்து வெயிலில் ஆளை நிறுத்திவிட்டு ஃபோனைத் தூக்கினார்.

"கடைசிப் படம்..." என்று அல்போன்சம்மா கிட்ட வந்தா.

"யாகப்பு, கொஞ்சம் சிரியும். அக்கா, நீங்கள் அங்காலை தள்ளி நில்லுங்கோ. உங்கடை நிழல் புத்தகத்திலை விழுது."