எட்டாவது வாய்

காலை ஒன்பதிலிருந்து நான்கு மணி நேரத்தில் ஏழு வாய்களைப் பார்த்துவிட்டார் பல் டாக்டர். ஏழிலிருந்தும் ஒரு சரியான பதில் வரவில்லை.

பல் பிடுங்குவது அவருக்குப் பிழைப்பு. புதிர் போடுவதுதான் உயிர். வாயைத் திறக்கவைத்து, பஞ்சை அடைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயையும் மாட்டிவிட்டுத்தான் கேள்வியே கேட்பார். பதில் வராவிட்டால் தோல்வி எதிராளிக்கு. இப்படி ஜெயித்தே பழகிவிட்டார் மனிதர்.

உதவிப் பெண் கதவைத் திறந்து கூவினாள். "வலது பக்கம், கீழ்க் கடைவாய்! உள்ளே வாங்க!"

அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயர் மறந்துபோகும், பல் மறக்காது என்பது டாக்டரின் கொள்கை. கூப்பிட்ட கையோடு அவள் சாப்பிடப் போய்விட்டாள்.

நடுத்தர வயதுப் பெண்மணி ஒருத்தி தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். "டாக்டர், ஒரு நிமிஷம்... நான் வந்து..."

"முதல்ல உட்காருங்கம்மா. கதையெல்லாம் அப்புறம்."

உட்கார்ந்ததுமே நாற்காலி பின்னால் சாய்ந்தது. "இல்ல டாக்டர்" என்று சொல்ல அவள் வாயைத் திறந்ததுதான் தாமதம், கண்ணாடி உள்ளே போய்விட்டது. பின்னாலேயே பஞ்சு, குழாய்.

சுவர் விளக்கில் மாட்டியிருந்த எக்ஸ்ரேயில் கடைவாய்ப் பல்லின் அடியில் கரேலென்று ஒரு பள்ளம். வாயில் இருந்த பல்லோ விளம்பரத்துக்கு நிற்பதுபோலப் பளிச்சென்று இருந்தது.

டாக்டர் அசரவில்லை. "பாருங்க, எவ்வளவு நல்ல பிள்ளையாட்டம் நிக்குது! உள்ளுக்குள்ள பூரா அழுகல். சில மனுஷங்க மாதிரி. இன்னிக்கே பிடுங்கிடலாம்."

அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கும்பிடெல்லாம் வேணாம்மா, ஃபீஸ் போதும்" என்று ஊசியைப் போட்டார். அவள் கண்ணில் நீர் கோத்தது. அதே நேரம் வெளியிலிருந்து ஓர் ஆண்குரல் "ஐயோ, அம்மா" என்று முனகியது.

"உங்க வீட்டுக்காரரா? பொண்டாட்டிக்குப் பல்லு வலிச்சா புருஷன் அழறதை இன்னிக்குத்தான் பார்க்கறேன். கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க!"

ஊசி போட்ட இடம் மரத்துப்போகச் சில நிமிடங்கள் ஆகும். அதுதான் டாக்டரின் பொன்னான நேரம்.

"நீச்சல் தெரியாத ஒரு பொண்ணு. தினமும் ஆத்துக்கு நடுவுல போய் நிக்கறா. ஒருநாள்கூடப் பாதம் நனைஞ்சதில்ல. எப்படி?"

"ஆ... ஊ... ஆக்கர்..."

"தப்பு! பாலத்து மேல நிக்கறாம்மா. ஆறுன்னதும் அவளைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள தள்ளிட்டீங்களே, பாவம்!" டாக்டருக்குச் சிரிப்புத் தாளவில்லை. "கேள்வியில சூதே கிடையாது. சொல்லாததை எல்லாம் நாமளே இட்டு நிரப்பிக்கறோம். ஒரு வார்த்தை விசாரிக்கறதுக்குள்ள முடிவு கட்டிடறோம். மூளைக்கு அவ்வளவு அவசரம். நான் மட்டும் இதுல ஏமாந்ததே இல்ல."

பெருமை அடங்கியதும் குறடை எடுத்தார். சட்டென்று அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள் அவள். உடும்புப் பிடி.

"அடேயப்பா! அந்தப் பல்லு மேல அவ்வளவு பாசமா? சரி, ஒரு பந்தயம். கடைசிக் கேள்வி. சரியாச் சொல்லிட்டா பல்லை விட்டுடறேன். தப்பாச் சொன்னா மூச்சு விடக் கூடாது. சரியா?"

அவள் வேகமாகத் தலையசைத்தாள். இதுவரை யாருக்கும் காட்டாத பெருந்தன்மையைக் காட்டி, பஞ்சையும் குழாயையும் வெளியே எடுத்தார் டாக்டர்.

"முடி வெட்டற கடை. ரெண்டே பேர். நாற்காலியில ஒரு மொட்டைத்தலை உட்கார்ந்திருக்கார். பக்கத்துல தலை நிறைய முடியோட ஒருத்தர் நிக்கறார். பத்து நிமிஷத்துல தரையெல்லாம் முடி. எப்படி?"

அவள் தான் சாய்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். டாக்டர் கையிலிருந்த குறடைப் பார்த்தாள். மரத்துப்போன நாக்கை மெல்லப் புரட்டினாள்.

"அந்த மொட்டைத்தலைதான் கடைக்காரர். கால் வலிச்சிருக்கும், உக்காந்துட்டே வெட்டியிருப்பார்."

டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொன்னதில்லை.

"எப்... எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"நாற்காலியில உக்காந்தவங்களுக்குத்தான் வைத்தியம்னு யார் டாக்டர் சொன்னது?"

வெளியே மறுபடியும் "ஐயோ, அம்மா" என்று கேட்டது. அவள் எழுந்து, கோணிப்போன வாயைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"பல்வலி அவருக்கு. ஊசி வலிக்குமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."