மாடிக்கு வருகிறவர்கள்

“ஒரே பிரேக்கரில் மூணு வயரைச் செருகத் தெரியாதவன் வீடே கட்டக்கூடாது” என்று அறிவித்தார், ஆனையூரில் வாடகைக்கு விட மாடி கட்டி, அதன் மின்பெட்டியில் தானே வயர்களை மாட்டி முடித்திருந்த அப்துல் ரசாக்.

மனைவி அஜ்மல் பீவி விடவில்லை. “ஒரு திருகு மூணு வயரை இறுக்கிப் பிடிக்காதுங்க. லூசாகி, சூடேறி, தீப்பிடிச்சா?”

“வயருக்கு ஒரு பிரேக்கர் வாங்குறவன் பயந்தாங்கொள்ளி. குடிவாரவனுக்கு இம்புட்டுப் போதும்.”

“நான் கீழ்வீட்டையில்ல வாடகைக்குப் பேசி முடிச்சிருக்கேன்.”

“கீழ்வீட்டையா? அப்ப நாம?”

“மாடிக்குப் போறோம். நல்லாக் காத்து வருதுல்ல.”

ரசாக் மெயினை அணைத்தார். செருகிய வயர்களை உருவிப் போட்டுவிட்டுக் கிளம்பினார். காளவாசல் கடையில் வயருக்கு ஒரு பிரேக்கர் என்று கேட்டு வாங்கியவர், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றும் எடுத்துக்கொண்டார்.