அனுமதி பெற்ற பொய்

"மகன் பக்கம் பார்த்துட்டீங்களே, தொகுரா! போச்சு, குட்டு உடைஞ்சுது!"

டாக்டர் மொரிசுவே கைதட்டி, பேசிக்கொண்டிருந்த செவிலியரை நிறுத்தினார். நோயாளியாக நடிக்க வந்திருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "ஆமாம் டாக்டர், எனக்கே புரிஞ்சிடுச்சு, பையன்தான் மாட்டேன்னுட்டான்னு!"

நுரையீரல் மாற்று சிகிச்சைக்குச் செவிலியர்களைத் தயார்செய்யும் பயிற்சி. கியோட்டோவில் அன்று கடைசித் தேர்வு.

இறந்தவரின் நுரையீரலுக்குக் காத்திருந்தால் வருஷங்கள் ஓடிவிடும். காத்திருக்க முடியாதவர்களுக்கு உறவினர் இருவர் ஆளுக்கொரு பாகம் தருவார்கள். வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு. ஒருவரின் வலது கீழ்மடலும் இன்னொருவரின் இடது கீழ்மடலும் சேர்ந்துதான் நோயாளிக்கு இரண்டு நுரையீரல்களாகும். ஒருவர் பின்வாங்கினாலும் அறுவை சிகிச்சை இல்லை.

பயந்து பின்வாங்குபவர்கள் உண்டு. தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும்போது சொல்வார்கள். அவர்களை வீட்டாரிடம் காட்டிக்கொடுக்கக் கூடாது. 'மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை' என்று மட்டும் சொல்லவேண்டும். இதைப் பிசகாமல் சொல்பவருக்குத்தான் சான்றிதழ்.

காலையிலிருந்து ஐந்து பேர் தோற்றிருந்தார்கள். ஒருத்தி காரணத்துக்கு மேல் காரணமாக அடுக்கினாள். ஒருவர் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டே சந்தேகத்தைக் கிளப்பினார்.

ஆறாவதாக சியோரி வந்தாள். திரையிலிருந்த நுரையீரல் ஸ்கேன் படத்தில் மட்டுமே அவள் கண் இருந்தது.

"உங்க மகனோட நுரையீரல் ஆரோக்கியமா இருக்கு. ஆனா மடல் சின்னது. உங்க நெஞ்சுக்கூட்டுக்குப் பத்தாது. இது வெறும் அளவு விஷயம்."

அவ்வளவுதான். அப்புறம் பேசாமல் நின்றாள்.

பஸ் டிரைவர் மெல்லத் திரும்பி, மகனாக நடித்தவரின் முதுகைத் தட்டினார். "விடுடா, இதுக்கு நீ என்ன பண்ணுவே?" நடிப்பென்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

மொரிசுவேக்கு ஆவல் தாங்கவில்லை. பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறார், இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்லை. மற்றவர்கள் டீ குடிக்கக் கிளம்பியதும் அருகில் வந்தார்.

"தேறிட்டீங்க. ஆனா ஒண்ணு கேட்டே ஆகணும். இதுவரைக்கும் எத்தனை குடும்பத்துக்கிட்ட இதைச் சொல்லியிருப்பீங்க?"

"இன்னிக்குத்தான் முதல் தடவை, டாக்டர்."

"சும்மா சொல்லாதீங்க! காரணம் ஒண்ணே ஒண்ணு, அப்புறம் மௌனம், ஆளைப் பார்க்காத பார்வை... இதெல்லாம் எந்தப் புத்தகத்திலயும் கிடையாதே? யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"எங்கப்பாவோட டாக்டர்கிட்ட. இப்படித்தான் படத்தையே பார்த்துப் பேசினார். முந்தின நாள் அவர்கிட்ட 'பயமா இருக்கு, என்னால முடியாது'ன்னு அழுத நான் பக்கத்துலயேதான் நின்னேன், என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பல." சியோரி குரலைத் தாழ்த்தினாள். "அப்பா கடைசி நாள் வரைக்கும், 'உனக்கு நுரையீரல் சின்னதும்மா, படியெல்லாம் மெதுவா ஏறு'ன்னு என்னைத்தான் கவனிச்சுக்கிட்டார்."