பச்சை வட்டம்

நோயாளிகளுக்காக மருத்துவமனைகள் மீது இருபது வருடம் வழக்குப் போட்டே பேர் வாங்கிய வக்கீல் தமயந்தி, அரசின் நேரடி நியமனத்தில் சுகாதாரத் துறைச் செயலாளராகி அது மூன்றாவது வாரம். அரசு முகாமில் கண் ஆபரேஷன் செய்துகொண்டு இரண்டு கண்ணும் போன ஒரு பெண் தொடுத்த வழக்குக்குத் துறை எழுதிய பதிலை, பிரிவு அலுவலர் குலசேகரன் மேஜையில் வைத்தார். படித்துக்கொண்டே வந்த தமயந்தியின் பச்சைப் பேனா ஏழாம் பக்கத்தில் நின்றது. கண்ணில் விட்ட மருந்தைப் பரிசோதித்த தேதி, ஆபரேஷனுக்கு இரண்டு நாள் பிந்தியிருந்தது. எதிர்த்தரப்பு வசமாக மாட்டும் இடத்தை வட்டமிடுவது அவளுடைய கோர்ட்டுப் பழக்கம். கை தானாக வட்டமிட்டது.

"புரிஞ்சுதும்மா" என்று ஃபைலை எடுத்துக்கொண்டு போன குலசேகரன், பத்து நிமிடத்தில் புதுப் பிரதியோடு வந்தார். "நல்லவேளை, நீங்க பாத்தீங்க. அந்தத் தேதியையே எடுத்துட்டோம். இனி அந்தம்மா எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் ஒண்ணும் ஆகாது."

தமயந்தி புதுப் பிரதியில் ஏழாம் பக்கத்தைப் புரட்டினாள். வட்டமிட்ட பழைய பக்கத்தை ஃபைலில் தேடினாள்.

"அதக் கிழிச்சுப் போட்டாச்சும்மா" என்றார் அவர், கேட்காமலே. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

அவள் கையில் பேனா இன்னும் மூடாமலே இருந்தது.