ஒன்றும் ஆகவில்லை

மேலாளர் தன் கையாலேயே சர்வரின் வயரைப் பிடுங்கினார்.

நானும் அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அக்கா கூடப்பிறந்தவர் இல்லை. சர்வர் அறையில் எனக்கு சீனியர்.

ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று முடிவு செய்கிற சர்வர் அது. பக்கத்திலேயே அச்சு அசலாக இன்னொன்றை வைத்திருந்தோம். ஒன்றில் ஓர் ஆளைத் தடுத்தால் போதும், மற்றதும் அந்த ஆளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒன்று படுத்தால் மற்றது வேலையைப் பார்க்கும்.

பார்த்துவிட்டால் என் வேலை நிரந்தரம். மேலாளர் சொன்ன வாக்கு.

அவர் தன் போனில் வைஃபையை அணைத்து, மறுபடி போட்டார். மற்ற சர்வர் உடனே உள்ளே விட்டது.

கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். கணக்குப் பிரிவில் ஒருவர் பூனை வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். பூனைகூட நிற்கவில்லை.

"என்னப்பா, ஒண்ணுமே ஆகலையே?"

"ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் சார் இவ்வளவு நாள் மெனக்கெட்டோம்," என்றேன்.

பலூன் வெடிக்குமென்று காதைப் பொத்திக்கொண்டு, வெடிக்காமல் ஏமாந்த குழந்தையின் முகம் அவருக்கு.

பிறகு யோசிக்க ஆரம்பித்தார். அவர் யோசித்தால் யாருக்காவது ஆபத்து.

"அப்ப இது இல்லாமலே எல்லாம் ஓடுது. இது எதுக்குத் தண்டச்சோறு?"

சொல்லிக்கொண்டே அவர் பார்வை பெட்டியிலிருந்து என்மேல் வந்து நின்றது.

"தம்பி, போன வாரம் பூரா நீ லீவுல்ல?"

"ஆமா சார். காய்ச்சல்."

"ஏம்மா, அந்த வாரம் இங்க ஏதாவது நின்னுச்சா?"

கேட்டது அக்காவை. அக்காவுக்குப் பொய் சொல்ல வராது.

"இல்ல சார். ஒண்ணுமே நிக்கல."

என் கதை முடிந்தது.

"நீங்களும் அந்த வாரம் லீவுதானே சார்," என்றார் அக்கா, சாதாரணமாக.



மேலாளர் குனிந்தார். வயரைத் தானே திரும்பச் சொருகினார். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று இன்னொரு தரம் அழுத்தியும் பார்த்தார்.

"நாளைக்கு வந்து பர்மனென்ட் ஆர்டரை வாங்கிக்க, தம்பி," என்றார், எங்கள் முகத்தைப் பார்க்காமலே.